ஆங்கில 'வீ'க்குள் நான் இருக்கிறேனா, இல்லையா?

மெய்ப்புநோக்கி (அழகாபுரம், சேலம்)

அனைவருக்கும் வணக்கம். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் தொழில். குடியிருக்கும் அடுக்ககத்தில் ஆங்கிலக் கடிதம் எது வந்தாலும் அதைத் தமிழாக்கி மின்தூக்கிக்கு அருகில் உள்ள பலகையில் ஒட்டுவது, கூலி இல்லாமல் என் தலையில் விழுந்த வேலை. சென்ற வாரம் அந்த வேலையால் எனக்குத் தலைகுனிவு ஏற்பட்டது.

எங்கள் கட்டடத்தில் ஆழ்குழாய்க் கிணற்றின் மோட்டார் எரிந்துவிட்டது. புதிதாகப் போட 64,000 ரூபாய் ஆகும் என்று மதிப்பீடு வந்தது. கட்டடத்தைக் கட்டி விற்ற நிறுவனத்திடமிருந்து (பெயர் வேண்டாம்) நான்கு வரியில் ஓர் ஆங்கிலக் கடிதம் வந்தது. அதன் மூன்றாவது வரி 'வீ வில் ஷேர் தி காஸ்ட்' என்பது. நான் அதைச் 'செலவைப் பகிர்ந்துகொள்வோம்' என்று தமிழாக்கி ஒட்டினேன். எழுவாயை வேண்டுமென்றேதான் விட்டேன். 'நாம்' என்று எழுதினால் பதினெட்டுக் குடும்பங்களும் பணம் தர வேண்டும் என்று பொருள்படும். 'நாங்கள்' என்று எழுதினால் நிறுவனத்தின் பங்குதாரர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்வார்கள் என்று பொருள்படும். மூலத்தில் எது என்று எனக்கே தெரியவில்லை. '-ஓம்' என்ற விகுதி இரண்டுக்கும் பொதுவாயிற்றே, அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்று எண்ணினேன்.

மறுநாள் காலையில் பார்த்தால், 'பகிர்ந்துகொள்வோம்' என்ற சொல்லுக்குக் கீழே நீல மையில் யாரோ 'யார் யார்?' என்று எழுதியிருந்தார்கள். மாலைக்குள் மூன்றாம் மாடிக்காரர் என்னை நிறுவனத்தின் ஆள் என்றார். முதல் மாடி அம்மா, இலவசம் என்று நம்பவைத்து ஏமாற்றிவிட்டேன் என்றார். ஒரே சொல்லை இருவரும் இருவிதமாகப் படித்திருக்கிறார்கள்.

என் கேள்வி இதுதான். ஆங்கிலத்தின் 'வீ', 'அஸ்', 'அவர்' (தமிழ் 'அவர்' அன்று) ஆகியவற்றில் கேட்பவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று ஆங்கிலம் பேசுவோர் எப்படித்தான் அறிகிறார்கள்? சொல்லில் இல்லாவிட்டாலும் வேறு எங்காவது அடையாளம் இருக்க வேண்டுமே?

மலைமேல் ஆங்கிலம் (ஏற்காடு)

ஐயா, நான் ஏற்காட்டில் இருபது ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். 'வீ' என்றால் 'நாம்' என்று பாடநூல் பட்டியலில் ஒற்றைச் சொல்லாக அச்சிட்டிருப்பதே குழந்தைகளுக்கு நாம் செய்யும் முதல் குற்றம் என்று எனக்கு எப்போதும் தோன்றும். 'நாம்/நாங்கள்' என்று இரண்டையும் தந்து, எப்போது எது என்று கேட்க வேண்டும்.

அடையாளங்கள் இருக்கின்றன. ஆனால் அவை 'வீ' என்ற சொல்லுக்குள் இல்லை, அதைச் சுற்றி இருக்கின்றன. முதலாவது, அதே வாக்கியத்தில் 'யூ' எங்கே நிற்கிறது என்பது. 'வீ வில் கால் யூ' என்றால் கேட்பவர் தனியே 'யூ'வாக நிற்கிறார். ஆகவே 'நாங்கள் உங்களை அழைக்கிறோம்' என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. இரண்டாவது, கேள்வியின் துணைவினை. 'ஷல் வீ?' என்று ஒருவர் எழுந்து நின்று கேட்டால், 'கிளம்பலாமா?' என்று கேட்பவரையும் சேர்த்து அழைக்கிறார். 'மே வீ?' என்று கேட்டால் அனுமதி தருபவர் வெளியே நிற்கிறார். 'நாங்கள் உள்ளே வரலாமா, டீச்சர்?' என்பதுதான் அது. வகுப்பில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்போட்டால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் அவர்களின் தாய்மொழியில் அந்த அறை ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் மூன்றாவது. 'லெட் அஸ்' என்பதைச் சுருக்கினால் 'லெட்ஸ்' ஆகிறது. 'லெட்ஸ் கோ' என்பதில் கேட்பவர் எப்போதும் உள்ளே இருக்கிறார்: 'வா, போவோம்'. சுருக்காமல் 'லெட் அஸ் கோ' என்றால், மேடைப்பேச்சிலும் வழிபாட்டிலும் அதே 'போவோமாக' என்ற பொருள் வரும். கதவைப் பூட்டி வைத்திருப்பவனிடம் சொன்னால் 'எங்களைப் போக விடு' என்ற பொருள் வரும். அந்த இரண்டாம் பொருளில் யாரும் 'லெட்ஸ்' என்று சுருக்க மாட்டார்கள். ஆக, கேட்பவரை உளப்படுத்துவதற்கென்றே ஒரு வடிவம் ஆங்கிலத்திலும் முளைத்திருக்கிறது, ஏவலின் ஒரு மூலையில் மட்டும்.

உங்கள் கடிதத்து வரியில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. 'ஷேர்' என்ற வினை வேறு, பகிர்வோர் இன்னார் என்று சொல்லாமலே நடமாடக்கூடியது. அதில் உங்கள் குற்றம் ஏதும் இல்லை.

அம்மாப்பேட்டைப் புலவர்

டீச்சர் அடையாளங்களை அழகாகச் சொன்னார். ஆனால் மெய்ப்புநோக்கி தம்பியின் குற்றம் ஏதும் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. '-ஓம்' பின்னால் ஒளிந்துகொண்டேன் என்று அவரே எழுதுகிறார். அந்த ஒளிவிடம் பழைய தமிழில் இவ்வளவு வசதியாக இருந்ததில்லை என்பதை அவருக்கு நினைவூட்டுகிறேன்.

நன்னூல் தன்மைப் பன்மை வினைமுற்றின் விகுதிகளை மூன்றாகப் பிரிக்கிறது. 'அம்', 'ஆம்' என்பன முன்னிலையாரைத் தன்னொடு சேர்ப்பவை. 'எம்', 'ஏம்', 'ஓம்' என்பன படர்க்கையாரைத் தன்னொடு சேர்ப்பவை. க, ட, த, ற என்ற மெய்களின் மேல் ஊர்ந்துவரும் 'உம்' இரு சாராரையும் சேர்ப்பது. கூர்ந்து கவனியுங்கள். இலக்கணத்தார் 'விலக்குவது' என்று பேசவே இல்லை. யாரை உள்ளே கூட்டிக்கொண்டாய் என்றுதான் கேட்கிறார்கள். அதனால்தான் இதற்கு உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று பெயர். ஐரோப்பிய இலக்கண நூல்களில் இவ்வேறுபாட்டை முதலில் விளக்கியது 1560இல் தொமிங்கோ தெ சாந்தோ தோமாஸ் என்ற துறவி பெரு நாட்டுக் கெச்சுவா மொழிக்கு எழுதிய இலக்கணம் என்பார்கள். நன்னூலை எழுதிய பவணந்தியார் பதின்மூன்றாம் நூற்றாண்டினர். தொல்காப்பியமோ அவருக்கும் மிக முந்தியது. அதிலேயே, 'ஓம்' நீங்கலாக, இந்த விகுதிகளின் பட்டியல் இருக்கிறது.

குறுந்தொகை 40ஆம் பாட்டில் 'யானும் நீயும் எவ்வழி அறிதும்' என்கிறான் தலைவன். 'யாய்' என் தாய், 'ஞாய்' உன் தாய், 'எந்தை' என் தந்தை, 'நுந்தை' உன் தந்தை என்று அதுவரை ஒவ்வொரு சொல்லிலும் எனது, உனது என்று வேலி போட்டுக்கொண்டே வந்தவன், 'அறிதும்' என்ற வினையில்தான் முதன்முறையாக இருவரையும் ஒரே சொல்லுக்குள் வைக்கிறான். அங்கே வந்திருப்பது தகரத்தின்மேல் ஏறிய 'உம்'. இதை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் 'வீ' போட்டுத்தான் தீர வேண்டும். அந்தச் சொல்லுக்குள் நுழையத் தலைவி பட்ட பாடு அதில் தெரியாது.

கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை)

புலவர் ஐயாவுக்கு வணக்கம். பழந்தமிழ்ப் பெருமை சரிதான். ஆனால் அந்த 'ஓம்' இன்று 'நாம் போகிறோம்', 'நாங்கள் போகிறோம்' இரண்டுக்கும் ஒன்றாகிவிட்டதே. எழுவாயை விட்டுப் பேசுவது நம் வழக்கமும் ஆகிவிட்டது. வீட்டில் 'சாயங்காலம் ஏற்காடு போறோம்' என்று நான் சொன்னால், சின்னவன் துள்ளிக் குதித்துவிட்டு, 'நானுமா?' என்று அடுத்த நொடி கேட்கிறான். அவன் முகத்தைப் பார்த்தால் ஆங்கிலத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. அங்கே 'மனம்' என்றால் நீயும் நானும். 'மேமு' என்றால் நீ இல்லாத நாங்கள். தமிழைப் போலவே அங்கும் வினை இரண்டுக்கும் ஒன்றுதான்: 'மனம் வெள்தாம்', 'மேமு வெள்தாம்'. பட்டறைக்குக் கொலுசு எடுக்க வரும் குஜராத்தி வியாபாரியின் பேச்சிலும் 'ஆபணே', 'அமே' என்று இரண்டு இருக்கின்றன. ஆனால் அவரே இந்திக்கு மாறினால் எல்லாவற்றுக்கும் ஒரே 'ஹம்'. பெங்களூரிலிருந்து வரும் கன்னடக்காரரிடமும் 'நாவு' ஒன்றுதான். என் சிறிய பட்டறையில் ஒரே நாளில் இரட்டைக் கதவு உள்ள மொழிகளும் ஒற்றைக் கதவு உள்ள மொழிகளும் வந்துபோகின்றன. விலை பேசுவதில் யாரும் யாருக்கும் இளைத்தவரில்லை.

மலைமேல் ஆங்கிலம் (ஏற்காடு)

குஜராத்தியும் மராத்தியும் இந்தோ-ஆரிய மொழிகளாக இருந்தும் இந்த வேறுபாட்டை வைத்திருப்பதற்குத் திராவிட மொழிகளின் பக்கவாசம் காரணமாக இருக்கலாம் என்று கருதும் மொழியியலாளர் உண்டு. மலாய் மொழியில் 'கித்தா' கேட்பவரைச் சேர்க்கும், 'காமி' சேர்க்காது. மலேசியத் தமிழர்களுக்கு அது பழகிய நிலம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பளிப்பது பப்புவா நியூ கினியின் தோக் பிசின். ஆங்கிலச் சொற்களை வாங்கி, அந்த மண்ணின் மொழிகளின் வழக்கில் வார்த்தெடுத்த மொழி அது. அவர்களுக்கு ஆங்கில 'வீ' போதவில்லை. 'யூ'வையும் 'மீ'யையும் ஒட்டி 'யூமி' என்று செய்துகொண்டார்கள். அது நம் 'நாம்'. 'மீ'யோடு 'ஃபெல்லோ' என்பதிலிருந்து வந்த 'பெலா'வைச் சேர்த்து 'மிபெலா' என்று செய்துகொண்டார்கள். அது நம் 'நாங்கள்'. ஆங்கிலேயர் ஆயிரம் ஆண்டுகளாகக் கட்டாத சுவரை ஆங்கிலச் செங்கல்லைக் கொண்டே கட்டிவிட்டார்கள். ஆயிரம் ஆண்டு என்பது சும்மா சொன்னதில்லை: பழைய ஆங்கிலத்தில் 'நாமிருவர்' என்பதற்கு 'வித்' என்று ஒரு தனி இருமைப் பெயர் இருந்தது. ஆனால் அந்த இரண்டாமவர் கேட்பவரா மூன்றாமவரா என்று அதுவும் சொல்லவில்லை. அதுவும் 1300ஐ ஒட்டி வழக்கொழிந்தது.

துரைவீட்டுக் கணக்கு (ஏற்காடு)

நான் காப்பித் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். ஆங்கிலத்தில் மேலாளர் சொல்வதைத் தொழிலாளர்களுக்குத் தமிழில் சொல்வதும் என் வேலையாக இருந்தது. பழம் பறிக்கும் காலத்தில் மழை மிரட்டும்போதெல்லாம் அவர் 'வீ மஸ்ட் ஃபினிஷ் திஸ் பிளாக் டுடே' என்பார். இலக்கணப்படி நான் 'நாம் இந்தப் பத்தியை இன்றைக்கே முடிக்கணும்' என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னேன். கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்த பாட்டி ஒருத்தி, 'துரைக்கு எந்த வரிசை, கணக்கரே?' என்று கேட்டுவிட்டு மிளகுக்கொடி ஏறிய சவுக்கு மரத்துப் பக்கம் நடந்தாள்.

அந்த 'வீ'யில் பேசியவர் இல்லை. கேட்டவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். உளப்படுத்தும் 'நாம்', விலக்கும் 'நாங்கள்' என்ற இரண்டு அறையில் இது எந்த அறை? 'நீங்கள்' என்பதற்கு 'வீ' என்று சட்டை போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு அடுத்த நாளிலிருந்து 'இந்தப் பத்தி இன்னைக்கு முடியணும்' என்று ஆளைச் சொல்லாமல் சொல்லத் தொடங்கினேன். ஆளுக்கு ஆள் வருத்தம் இல்லாமல் வேலை நடந்தது.

(மேலே சவுக்கு என்று எழுதிவிட்டேன்; எங்கள் தோட்டத்தில் மிளகு ஏறுவது சில்வர் ஓக். கை பழக்கத்தில் வந்துவிட்டது.)

இரவுப்பணி

கணக்கர் ஐயா சொன்ன 'வீ' எங்கள் தொழிலில் தினமும் புழங்குவது. நான் செவிலியர். ஆங்கிலம் பேசும் மருத்துவர்கள் நோயாளியிடம் 'ஹவ் ஆர் வீ ஃபீலிங் டுடே?' என்பார்கள். காய்ச்சல் அவருக்கு இல்லை, கட்டிலில் இருப்பவருக்குத்தான். பள்ளியில் 'வீ டோன்ட் ரன் இன் தி காரிடார்' என்று சொல்வதும் இதே வகைதான் என்று நினைக்கிறேன், ஆசிரியை ஓடப்போவதில்லை.

தமிழில் நாங்கள் இதை அப்படியே சொல்வதில்லை. 'மாத்திரை போட்டாச்சா?' என்று யாரையும் சுட்டாத 'ஆச்சு'வைப் போட்டு விசாரிக்கிறோம். ஆனால் குழந்தைகள் பிரிவில் நானே, 'நாம ஊசி போட்டுக்கலாமா, தங்கம்?' என்று கேட்டிருக்கிறேன். ஊசி ஒருவருக்குத்தான். நாலு வயதுப் பெண் ஒருத்தி என் கையைக் காட்டி, 'முதல்ல உனக்கு' என்றாள். அவளுக்கு உளப்பாட்டுத் தன்மைப் பன்மை யாரும் கற்பிக்கவில்லை.

அம்மாப்பேட்டைப் புலவர்

சகோதரி, அந்தக் குழந்தையைப் போன்ற மாணவர் எனக்கு வகுப்பில் கிடைத்ததில்லை.

கொலுசுப்பட்டறைத் தம்பி கேட்டதற்கு வருகிறேன். 'ஓம்' விகுதியின் எல்லை இன்று நேற்று அழிந்ததில்லை. நன்னூலுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்திய அப்பர், 'நாமார்க்குங் குடியல்லோம்' என்று 'நாம்' போட்டு 'ஓம்' போடுகிறார். மரபுவழிக் கதையின்படி, அரசன் அனுப்பிய ஆட்களிடம் பாடிய பாட்டு இது. எதிரே நிற்பவர்கள் அரசனின் குடிகள். அவர்களை 'நாம்' என்பதற்குள் சேர்த்திருக்க முடியாது. ஆகவே அந்த 'நாம்' அடியார் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது என்றோ, பெருமிதத்தால் ஒருவர் தம்மையே பன்மையில் சொன்னது என்றோ கொள்ள வேண்டும். எது என்று பாட்டின் சொல்லில் இல்லை, இடத்தில் இருக்கிறது. ஆங்கில 'வீ'யைப் பற்றி டீச்சர் சொன்ன அதே நிலை.

ஆண்டாளின் திருப்பாவை இன்னும் நுட்பமானது. கண்ணனை எழுப்பும் இடத்தில், 22ஆம் பாசுரத்தில், 'எங்கள்மேல் சாபம்' என்று முறையாக விலக்கித்தான் சொல்கிறாள். கேட்பவன் மேல் சாபம் ஏது? ஆனால் 29ஆம் பாசுரத்தில் அவனையே முன்னிலைப்படுத்தி, 'உனக்கே நாம் ஆட்செய்வோம்' என்கிறாள்; 'மற்றை நம் காமங்கள் மாற்று' என்கிறாள். 'உனக்கு' என்று அவனைப் பிரித்து நிறுத்திய அதே மூச்சில் 'நாம்'. டீச்சர் சொன்ன 'யூ' விதிப்படி இங்கே 'யாம்' (பழந்தமிழ் 'நாங்கள்') அல்லவா வர வேண்டும்? ஓசைக்காக வந்தது என்று ஒதுக்கிவிடலாம். நான் ஒதுக்க மாட்டேன். தோழியரை ஒரு கையால் இழுத்து அணைத்துக்கொண்டு அவனிடம் பேசுகிறாள் என்று படிக்கிறேன். கேட்பவர்களாக அங்கே அவன் மட்டும் இல்லை.

மலைமேல் ஆங்கிலம் (ஏற்காடு)

ஐயா, இந்த இடத்தில் வழிபாட்டுப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். எங்கள் மலையில் தேவாலயங்கள் அதிகம். பிள்ளைகள் ஒரே வேண்டுதலைக் காலையில் ஆங்கிலத்திலும் ஞாயிறு அன்று தமிழிலும் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அது 'அவர் ஃபாதர்' என்று தொடங்குகிறது. கத்தோலிக்கர் தமிழில் 'எங்கள் தந்தையே' என்கிறார்கள், சீர்திருத்தச் சபையார் 'எங்கள் பிதாவே' என்கிறார்கள். இரு சாராரும் 'நம்' என்று சொல்லவில்லை. கேட்கும் இறைவன் தனக்குத் தானே தந்தையாக முடியாது அல்லவா? ஆனால் அதே விவிலியத்தின் தொடக்கத்தில் மனிதனைப் படைக்கும்போது, பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'நமது சாயலாகவும்' என்று எழுதுகிறது. அங்கே பேசுபவரும் கேட்பவரும் ஒரே பக்கம். ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே 'அவர்'. மூலமொழிகளிலும் இந்த வேறுபாடு இல்லை. தமிழாக்கியவர்கள் ஒவ்வொரு வரியிலும் 'யார் யாரிடம் பேசுகிறார்?' என்று நின்று கேட்டிருக்கிறார்கள்.

படகு புயலில் சிக்கும்போது சீடர்கள் தூங்கும் இயேசுவை எழுப்பி, 'வீ பெரிஷ்' என்று அலறும் இடம் இதைவிடக் கடினம். 'நாம் சாகிறோம்' என்றால் அவரும் மூழ்குவார் என்று நம்பினார்கள் என்று ஆகும். 'நாங்கள் சாகிறோம்' என்றால் அவருக்கு ஆபத்தில்லை என்று எண்ணினார்கள் என்று ஆகும். ஒற்றைச் சொல்லைத் தேர்ந்ததும் அவர்கள் நம்பிக்கையின் அளவை மொழிபெயர்ப்பாளர் தீர்மானித்துவிடுகிறார். ஆங்கில வாசகருக்கு அந்தத் தொல்லையும் இல்லை, அந்தக் கேள்வியும் எழுவதில்லை.

அரசியலமைப்பின் முகவுரை இதற்கு நேரெதிர், எளிது. 'வீ, தி பீப்பிள் ஆஃப் இந்தியா' என்பது தமிழில் 'இந்திய மக்களாகிய நாம்'. படிக்கும் இந்தியர் யாரும் வெளியே நிற்கவில்லை.

கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை)

டீச்சர், 'வீ'யை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். 'யூ', 'தே' இரண்டும் எப்படி?

மலைமேல் ஆங்கிலம் (ஏற்காடு)

சுருக்கமாகச் சொல்கிறேன். 'தே' என்பதில் பேசுவோரும் இல்லை, கேட்போரும் இல்லை. அதில் குழப்பம் குறைவு. 'யூ'வில் பேசுவோர் இல்லை, கேட்பவர் இருக்கிறார். ஆனால் ஒருவரா பலரா, கேட்பவரோடு இங்கே இல்லாத வேறு சிலரும் சேர்ந்தா என்பது தெரியாது. முன்பு 'தவ்' என்று ஒருமைக்குத் தனிச்சொல் இருந்தது. அது பொதுவழக்கிலிருந்து போனபின் இந்த வெற்றிடம். அமெரிக்கத் தென்பகுதியார் 'யூ ஆல்' என்பதைச் சுருக்கி 'யால்' என்று சொல்லி அதை அடைத்துக்கொள்கிறார்கள். நம் 'நீங்கள்' மட்டும் என்ன, மாமனார் ஒருவரையும் குறிக்கும், மண்டபம் நிறைந்த கூட்டத்தையும் குறிக்கும். மரியாதை கொடுத்தோம், எண்ணிக்கையை இழந்தோம். 'யூ நெவர் நோ' என்று பொதுவாகச் சொல்லும்போது மட்டும் பேசுவோரும் 'யூ'வுக்குள் நுழைந்துவிடுகிறார். 'யாருக்குத் தெரியும்' என்பதுதான் அதற்குத் தமிழ்.

துரைவீட்டுக் கணக்கு (ஏற்காடு)

தமிழ் தெரிந்தவர்கள் ஆங்கிலம் பேசும்போது நேரும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உடன்பிறந்தார் யாருமே இல்லாதவரும் தமிழில் 'எங்கள் அம்மா' என்றுதான் சொல்வார். 'என் அம்மா' என்றால் ஏதோ உரிமை கொண்டாடுவது போல் இருக்கும். அதே பழக்கத்தில் அப்படி ஒருவர் ஆங்கிலத்தில் 'அவர் மதர்' என்றார். தோட்டத்துக்கு வந்திருந்த வெளிநாட்டுக்காரர், பக்கத்தில் நின்ற என்னைக் காட்டி, 'நீங்கள் இருவரும் சகோதரர்களா?' என்று கேட்டார். தமிழ்க் காதுக்கு 'எங்கள்' என்றதும் கேட்பவர் வெளியே போய்விடுகிறார், மற்றபடி உள்ளே எத்தனை பேர் என்று நாம் எண்ணுவதில்லை. வெளிநாட்டுக்காரர் காதுக்கு ஆங்கில 'அவர்' என்றதும் எண்ணத் தோன்றுகிறது.

இதன் மறுபக்கம், நம் பக்கத்து விருந்தோம்பல். கொங்குப் பக்கம் முன்பின் தெரியாதவரையும் 'நம்ம ஊட்டுக்கு வாங்க' என்று அழைப்பார்கள். வீடு அழைப்பவருடையது, ஆனால் 'எங்க வீட்டுக்கு' என்று சொன்னால் வாசலில் நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். வம்புக்குப் போகாதவன் 'நமக்கு எதுக்குங்க' என்பான். அந்த 'நமக்கு' அவன் ஒருவனுக்குத்தான். 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்த்தி என்று அட்டவணையில் எழுதிவிட்டு இந்த வாசல்களைத் தாண்டிப் போய்விட முடியாது.

இரவுப்பணி

'நீங்க நம்ம ஆளுங்களா?' என்று கேட்கிறார்களே, அந்த 'நம்ம'வையும் மறக்க வேண்டாம், ஐயா. சேர்க்கும் சொல்லாலேயே கதவைச் சாத்துவது அதில்தான். வார்டில் அதைக் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை.

மெய்ப்புநோக்கி (அழகாபுரம், சேலம்)

அனைவருக்கும் நன்றி. இதைப் படித்தபின் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, அந்த வரியில் 'வீ' யார் யார் என்று நேராகக் கேட்டேன். எடுத்தவர் தமிழர்தான். 'நம்ம பில்டிங்தானே சார்' என்று தொடங்கினார். மூன்று நிமிடப் பேச்சில் கட்டடம் 'நம்ம'தாக இருந்தது, மோட்டார் 'உங்க'ளுடையதாக இருந்தது, முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் 'நாங்க' வந்தது. ஆங்கிலக் கடிதத்தில் அத்தனைக்கும் ஒரே 'வீ' போட்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. கடைசியில் ஆளுக்குப் பாதி என்று ஒத்துக்கொண்டு, அதை எழுத்திலும் அனுப்பினார்கள். மறுபடியும் ஆங்கிலம், மறுபடியும் 'வீ'. ஆனால் இம்முறை 'யூ'வும் பக்கத்தில் இருந்தது.

கணக்கர் ஐயாவைப் பின்பற்றி 'நாம்', 'நாங்கள்', '-ஓம்' மூன்றையும் எடுத்துவிட்டேன். இன்று பலகையில் உள்ளது: 'மோட்டார் செலவான 64,000 ரூபாயில் 32,000 ரூபாயைக் கட்டுமான நிறுவனமும், 32,000 ரூபாயைப் பதினெட்டுக் குடும்பங்களும் ஏற்கும்.' புலவர் ஐயா ஒருமுறை பார்த்துச் சொன்னால் நிம்மதி.

அம்மாப்பேட்டைப் புலவர்

நிறுவனம் ஒருமை, குடும்பங்கள் பன்மை. 'ஏற்கும்' ஒன்றன்பாலுக்கும் பலவின்பாலுக்கும் பொதுவாதலால் முடிபு சரி. வலி மிகும் இடங்களும் சரியாக இருக்கின்றன. ஆனால் 32,000ஐப் பதினெட்டால் வகுத்தால் 1,777 ரூபாய்க்கு மேல் சில்லறை நீள்கிறதே, தம்பி. மூன்றாம் மாடிக்காரர் பேனாவை எடுப்பதற்குள் அதையும் எழுதிவிடுங்கள்.